வெள்ளாடுகளில் பிரியான் நோயும் அதனைத் தாங்கும் மரபும்

அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகரம் நெடுங்காலம் போர்ட் பிளேயர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரைச் சேர்ந்த ஹேடோத் துறையில்தான் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்கள் அணைகின்றன. தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கின்றது. கால்நடை நோய்களைப் பொறுத்தவரையில் இக்கடலைப் போன்ற காவல் வேறில்லை. இத்தீவுகளில் வெறிநாய்க்கடி நோய் இல்லாதிருப்பதே அதற்குச் சான்று. ஆயினும் காவல் எவ்வளவு வலியதாயினும் வாயில் ஒன்று உண்டு; அவ்வாயில் துறைமுகம்.

துறையில் இறங்கும் வெள்ளாட்டுக்குக் காய்ச்சல் இருப்பின் வெப்பமானி காட்டிவிடும். கழிச்சலும் வாய்ப்புண்ணும் சொறியும் கண்ணுக்குத் தெரிவன. சில நாட்கள் தனியே கட்டி வைத்துப் பார்ப்பின் மறைந்திருக்கும் தொற்று நோய்கள் பலவும் வெளிப்பட்டுவிடும். ஆனால் உடலுட் புகுந்த பின்னர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை எவ்விதக் குறியும் காட்டாமல், உண்டு, ஈன்று, பால் கொடுத்துவரும் ஆட்டின் மூளையில் மெல்ல வளர்ந்து, இறுதியில் தவறாது கொல்லும் நோய் ஒன்று உண்டு. அதனை எந்தத் தனிமைக் கொட்டிலும் காட்டிக் கொடாது. அந்நோயின் பெயர் ஸ்க்ரேப்பி. அதனை விளைவிப்பது பிரியான் எனப்படும் புரதம். நோயைக் காண இயலாவிடினும், அந்நோய்க்கு எளிதில் இரையாகும் ஆடு எது, தாங்கி நிற்கும் ஆடு எது என்பதைச் சில துளி இரத்தத்தைக் கொண்டே இன்று கூறிவிட இயலும். இது எவ்வாறு கைகூடிற்று என்பதும், நம் நாட்டில், சிறப்பாகத் தீவுகளில், இதனை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

ஸ்க்ரேப்பி இங்கிலாந்தில் 1732-ஆம் ஆண்டிலிருந்தே அறியப்பட்டு வருவது. நோயுற்ற செம்மறியாடு தினவு தாங்காமல் மரத்திலும் வேலியிலும் உடலை உரசி உரசி மயிரை இழக்கும். உரசுதல் என்னும் பொருள்படும் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. நீண்ட காலம் இது தொற்று நோயா, பரம்பரை நோயா என்னும் வழக்குத் தீராமல் இருந்தது. 1936-இல் பிரான்சு நாட்டில் குய்யே, ஷெல் என்னும் இருவர், நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நலமுள்ள ஆட்டின் கண்ணில் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினர். 1939-இல் அவர்களே நோயை வெள்ளாட்டுக்கும் ஏற்றிக் காட்டினர். வெள்ளாட்டில் தானாகத் தோன்றிய நோய் 1942-இல் பிரான்சிலேயே பதிவாயிற்று.

இதே காலத்தில் ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு விபரீதத்தைக் களப் பணியாளர் மறவாது நினைவிற் கொள்ளுதல் நலம். 1935-இல் செம்மறியாடுகளின் வேறொரு மூளை நோய்க்கென ஆட்டு மூளையிலிருந்தே தடுப்பூசி மருந்து செய்து, ஃபார்மலின் கலந்து கிருமிகளைக் கொன்றுவிட்டதாக எண்ணி, ஏறத்தாழ 18,000 பேரளவு மருந்தைப் பயன்படுத்தினர். ஈராண்டிற்குப் பின்னர் ஊசி போடப்பட்ட மந்தைகளில் ஸ்க்ரேப்பி தோன்றலாயிற்று. மருந்து எடுத்த மூளைகளுள் சில ஸ்க்ரேப்பி நோயுற்றவை. ஃபார்மலின் அந்நோய்ப் பொருளை ஒன்றும் செய்யவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1997-98-இல் இத்தாலியிலும் இதே வழியில் ஒரு தடுப்பூசி மருந்தினால் செம்மறி, வெள்ளாடு ஆகிய இரண்டிலும் நோய் பரவியது. ஒருமுறை கற்ற பாடம் மறுமுறைக்கு உதவவில்லை.

ஃபார்மலினுக்கும் சாகாது, கொதிநீருக்கும் சாகாது, கிருமிகளின் மரபுப் பொருளைச் சிதைக்கும் கதிர்வீச்சுக்கும் அசையாது. அப்படியாயின் இது எத்தகைய உயிர்? 1960-களில் இலண்டனில் டிக்வா ஆல்பரும் அவருடைய குழுவினரும் கதிர்வீச்சுப் பரிசோதனைகள் செய்து, இதில் நியூக்ளிக் அமிலம் இருத்தற்கில்லை என்று ஐயுற்றனர். 1967-இல் கிரிஃபித் என்னும் கணித அறிஞர், புரதமே தன்னைத்தான் பெருக்கிக் கொள்ளக் கூடுமோ என்று வினவினார். 1982-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி புரூசினர் அப்புரதத்திற்குப் பிரியான் என்று பெயரிட்டார். 1997-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே இது உயிரே அன்று. மடிப்பு மாறிய புரதம்.

இம்மடிப்பு மாற்றத்தை மாணவர்க்குப் பின்வருமாறு விளக்கலாம். பிரியான் புரதம் நோயுற்ற ஆட்டுக்கு மட்டும் உரியதன்று. நலமுள்ள ஒவ்வோர் ஆட்டின் நரம்பணுக்களின் மேற்பரப்பிலும், மனிதரின் நரம்பணுக்களிலுங்கூட, அது இயல்பாகவே உள்ளது. நன்றாக மடித்து வைத்த வேட்டியைப் போன்றது அதன் இயல்பு நிலை. எங்கிருந்தோ தவறாக மடிந்த ஒரு புரதம் வந்து சேர்ந்தால், அது தன்னருகிலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிந்து கொள்ளச் செய்கின்றது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, தவறாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. அத்திரளை உடலின் நொதிகள் செரிக்க மாட்டா. நரம்பணுக்கள் மடிந்து, மூளை கடற்பஞ்சு போல் துளைபடுகின்றது. தவறாக மடிந்த புரதமும் உடலுக்குச் சொந்தப் புரதமே ஆதலால், உடலின் பாதுகாப்பு முறை அதனைப் பகையென்று உணர்வதில்லை. எனவே இந்நோய்க்கு எதிராக இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை, அதனை நம்பிய சோதனையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

மந்தையில் இது பரவுவது பெரும்பாலும் ஈற்றுக் காலத்தில்தான். நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் தரையை நனைக்க, அவற்றை நக்கும் பிற ஆடுகளும், சீம்பாலும் பாலும் குடிக்கும் குட்டிகளும் நோயை ஏற்கின்றன. தரையில் படிந்த பிரியான் ஆண்டுக் கணக்கில் அழியாது கிடக்கும். ஐஸ்லாந்து நாட்டில் ஒரு பண்ணையில் 16 ஆண்டுகளுக்குப் பின்னும் அது நோய் தரும் ஆற்றலோடு இருந்ததாகத் தெரிகின்றது. மந்தையை அழித்து, கொட்டகையைக் கழுவி, புதிய ஆடுகளை வாங்கி விடும் பண்ணையாளர் மீண்டும் நோயைக் காண நேர்வது இதனால்தான்.

மருந்தும் ஊசியும் பயன்படாத இவ்விடத்தில் மரபு துணைக்கு வருகின்றது. மடியக் கூடிய புரதத்தின் அமைப்பிலேயே சிறு வேறுபாடு இருப்பின், தவறான மடிப்பு அதனைப் பற்றிக்கொள்வது கடினமாகும் அல்லவா? செம்மறியாடுகளில் இது முன்னரே நிலைநாட்டப்பட்டது. அவற்றின் பிரியான் புரதத்தில் 136, 154, 171 ஆகிய மூன்று இடங்களில் எந்த அமினோ அமிலங்கள் உள்ளன என்பதைக் கொண்டு ஆட்டின் தாங்கும் திறன் கணிக்கப்படுகின்றது. 171-ஆம் இடத்தில் ஆர்ஜினின் உள்ள கிடாக்களைத் தெரிந்து இனப்பெருக்கம் செய்து ஐரோப்பிய நாடுகள் பல நோயைப் பெரிதும் குறைத்தன. ஆனால் இவ்வழியை வெள்ளாட்டில் அப்படியே பின்பற்ற இயலவில்லை. செம்மறிக்குக் காப்பளிக்கும் அந்த ஆர்ஜினின் மாற்றம் வெள்ளாட்டில் காணப்படாமையே காரணம். அதற்கு வேறு இடங்களைத் தேட வேண்டியதாயிற்று.

வெள்ளாட்டின் பிரியான் புரதம் 256 அமினோ அமிலங்களைக் கோத்து ஆக்கப்படுவது. அவற்றுள் 146-ஆம் இடத்தில் பெரும்பாலான ஆடுகளுக்கு அஸ்பராஜின் உண்டு. மரபணுவில் அதற்குரிய மூன்றெழுத்துக் குறியில் இரண்டாம் எழுத்து மட்டும் மாறினால் அவ்விடத்தில் செரின் வந்தமரும். முதல் எழுத்து மாறினால் அஸ்பார்டிக் அமிலம் வந்தமரும். அவ்வாறே 222-ஆம் இடத்தில் வழக்கமாக இருப்பது குளூட்டமின். ஓரெழுத்து மாற்றத்தால் அது லைசின் ஆகின்றது. 256 மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி மாறுவதே இது. அந்த ஒரு மணியே ஆட்டின் உயிரைக் காக்கின்றது. நோயைத் தடுக்காமல் தாமதப்படுத்தும் மாற்றங்களும் உள. 142-ஆம் இடத்தில் ஐசோலியூசினுக்கு மாறாக மெத்தியோனின் உள்ள ஆடுகளில் நோய் தோன்ற அதிக காலம் ஆகும் என்பதை 1996-இல் பிரிட்டனில் கண்டனர். தாமதத்தைத் தாங்குதிறன் என்று கொள்ளலாகாது. பல்லாண்டு நலமாகத் தோன்றி நோயைப் பரப்பும் ஆடு, விரைவில் வீழும் ஆட்டைவிடக் கேடு மிக்கதாகவும் ஆகலாம்.

146-ஆம் இடத்தின் சிறப்பு சைப்ரஸ் தீவில் வெளிப்பட்டது. கடல் சூழ்ந்திருந்தும் அத்தீவில் 1985-இல் ஸ்க்ரேப்பி புகுந்து, செம்மறிகளிலும் வெள்ளாடுகளிலும் வேரூன்றிவிட்டது. நோயுற்ற வெள்ளாடுகளின் மரபணுவைச் சோதித்த ஆராய்ச்சியாளர், அவை ஏறத்தாழ அனைத்தும் 146-ஆம் இடத்தில் அஸ்பராஜினையே இரு படிகளிலும் உடையவை என்றும், அதே கொட்டகையில் அதே தீவனத்தை உண்டு நலமாய் இருந்த ஆடுகளிடையே செரினும் அஸ்பார்டிக் அமிலமும் காணப்படுகின்றன என்றும் கண்டனர். அந்நாட்டில் இன்று அத்தகைய கிடாக்களைத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்படுகின்றது. 222-ஆம் இடத்து லைசினின் காப்பு இத்தாலி, கிரீஸ் முதலிய நாடுகளின் மந்தைகளில் புலனாயிற்று.

களத்தில் கண்டதைப் பரிசோதனையும் உறுதி செய்தது. அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர், செரின் 146 அல்லது லைசின் 222 மாற்றத்தின் ஒரு படியை மட்டும் உடைய குட்டிகளுக்குப் பிறந்தவுடன் நோய்ப் பொருளை வாய் வழியே ஊட்டினர். ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றில் நோய் தோன்றவில்லை என்று 2018-இல் அறிவித்தனர். ஒரு படியே போதுமானது என்பது பண்ணையாளருக்குப் பேருதவியாகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் இம்மாற்றங்களை ஆராய்ந்து, லைசின் 222-ஐ முதலிலும், அஸ்பார்டிக் அமிலம் 146, செரின் 146 ஆகியவற்றை அடுத்தும் வரிசைப்படுத்தியது. இதனையொட்டி 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி வந்தது. ஸ்க்ரேப்பி கண்ட மந்தையில் எல்லா வெள்ளாடுகளையும் கொல்ல வேண்டுவதில்லை. இம்மூன்றுள் ஒன்றேனும் உடையவற்றை விட்டுவிடலாம். ஏழைப் பண்ணையாளருக்கு மந்தையில் ஒரு பகுதி மிஞ்சுவதற்கும் மொத்தமும் அழிவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

நார்வே நாட்டில் கண்டது இவை அனைத்தினும் வியப்புக்குரியது. அங்குள்ள பால் வெள்ளாட்டு இனத்தில், பிரியான் மரபணுவின் 32-ஆம் இடத்திலேயே 'இத்துடன் நிறுத்துக' என்னும் குறி தோன்றிவிட்ட ஆடுகள் இருப்பதை 2012-இல் கண்டனர். இரு படிகளிலும் அக்குறியுள்ள ஆட்டின் உடலில் பிரியான் புரதமே உண்டாவதில்லை. மடிவதற்குப் புரதம் இல்லாதபோது தவறாக மடிவது எங்ஙனம்? பின்னர் நிகழ்ந்த பரிசோதனையில் அவ்வாடுகளுக்கு ஸ்க்ரேப்பி ஏறவில்லை. அவை பார்வைக்கு நலமாகவே வளர்ந்து குட்டி ஈனுகின்றன. இயற்கை இப்புரதத்தை ஏன் வைத்தது என்னும் வினா இதனால் மேலும் கூர்மை பெற்றுள்ளது. நரம்பின் மேலுறையைப் பேணுவதில் அதற்குப் பங்குண்டு என்பர்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். இந்தியாவில் ஸ்க்ரேப்பி இருந்ததற்கு ஓர் உறுதியான பதிவு உண்டு. இமயமலை அடிவாரத்தில், குமாவுன் பகுதியைச் சேர்ந்த செம்மறியாடுகளில் இந்நோயைக் கண்டதாக ஸ்லாட்னிக், கட்டியார் என்னும் இருவர் 1961-இல் பிரிட்டனின் 'வெட்டினரி ரிக்கார்டு' இதழில் எழுதினர். வெள்ளாடுகளைப் பற்றிய பதிவன்று அது. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி 14 கோடியே 88 இலட்சம் வெள்ளாடுகள் உள்ள நாட்டில் அதனைப் பழங்கதை என்று ஒதுக்குதல் தகாது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாடு பற்றிய 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் ஸ்க்ரேப்பி இடம் பெற்றுள்ளது. மாடுகளின் பிரியான் நோயைப் பொறுத்தவரை, உலக விலங்கு நல அமைப்பு 2010-இல் இந்தியாவைப் புறக்கணிக்கத்தக்க அபாயம் உடைய நாடு என வகைப்படுத்தியது. வெள்ளாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. பிரான்சில் 2002-இல் அறுக்கப்பட்ட ஒரு வெள்ளாட்டின் மூளையில் மாட்டு நோயின் பிரியானே இருந்ததென 2005-இல் உறுதியாயிற்று. ஸ்க்ரேப்பி மனிதரைப் பற்றுவதாகச் சான்று இல்லை. மாட்டுப் பிரியானோ பற்றும்.

அந்தமான் நிகோபார் தீவுகளின் வெள்ளாடுகள் எண்ணிக்கையிற் சிலவாயினும் வகையிற் பல. குடியேறியோர் நிலப்பகுதியிலிருந்து கொணர்ந்தவற்றின் வழிவந்தவை அந்தமான் ஆடுகள். நிகோபார்த் தொகுதியின் தெரேசாத் தீவில் உடல் பருத்த தெரேசா ஆடுகள் உள. நாட்டின் ஒரே செயல்படும் எரிமலையான பாரன் தீவில் முன்னொரு காலத்தில் விடப்பட்ட ஆடுகள், நன்னீர் அரிதான அவ்விடத்தில் உவர்நீரைக் குடித்துக் காட்டாடுகளாய்ப் பெருகின. கராச்சர்மாவிலுள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இவற்றை ஆராய்ந்து வருகின்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நிகோபார்த் தீவுகளின் கால்நடைகளைப் பெருவாரியாக வாரிச் சென்றது, எஞ்சியவை சிலவே.

இச்சிறுமையே தீவுகளின் சிக்கல். சில ஆடுகளின் வழியே பெருகும் மந்தையில், அச்சிலவற்றில் தற்செயலாய் இருந்த மரபெழுத்து எங்கும் பரவும். இல்லாதது என்றைக்கும் இல்லாமலே போகும். காக்கும் மாற்றம் ஒன்றேனும் இல்லாத மந்தையில் நோய் புகுந்தால் தாங்கி நிற்க ஓர் ஆடும் இராது. அதற்கஞ்சிக் காக்கும் மாற்றமுள்ள ஓரிரு கிடாக்களை மட்டும் வைத்து இனம் பெருக்கினாலோ, உவர்நீரைத் தாங்கும் திறன், ஈரக் காற்றில் நோயின்றி வாழும் திறன் முதலிய பிற நல்லியல்புகள் கைநழுவும்.

பள்ளி வகுப்பில் இதனை ஒரு கணக்காகச் செய்து காட்டலாம். 400 ஆடுகள் உள்ள மந்தையில் பிரியான் மரபணுப் படிகள் 800. அவற்றுள் நூற்றுக்கு ஐந்து வீதம் 40 படிகள் லைசின் 222 என்று கொள்வோம். தெரிவின்றி இணை சேரும் மந்தையில் 361 ஆடுகளுக்கு அம்மாற்றம் இராது. 38 ஆடுகளுக்கு ஒரு படி இருக்கும். இரு படிகளும் உடையது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று கிடாவாக அமைந்து, மாற்றம் இல்லாத பெண்ணாடுகளோடு சேர்ந்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி தவறாது கிடைக்கும். ஒரு படியே உடைய கிடாவாயின் பாதிக் குட்டிகளுக்கே கிடைக்கும். ஒரே ஈற்றில் மந்தை முழுதும் காப்புப் பெறுவது கண்டு மாணவர் மகிழ்வர். அக்குட்டிகள் அனைத்தும் ஒரு தந்தையின் மக்கள் என்பதையும், அவற்றைத் தம்முள் இணை சேர்த்தால் விளையும் கேட்டையும் உடனே கேட்டு விடை பெறுவது ஆசிரியரின் பொறுப்பு.

நோய் இல்லாத தீவுகளில் இன்று மரபுத் தேர்வைத் தொடங்குவது அவசரம் எனத் தோன்றுகின்றது. சைப்ரஸ் அதனை மேற்கொண்டது நோய் வீட்டினுள் புகுந்த பின்னர். இங்கு வேண்டுவது முதற்கண் கணக்கெடுப்பு. ஒவ்வொரு தீவினத்திலும் 146, 222 ஆகிய இடங்களில் என்ன எழுத்துக்கள் உள்ளன என்பது தெரிந்திருத்தல் வேண்டும். இரத்தமோ காதுமடல் துணுக்கோ போதும். ஆட்டின் வாழ்நாளில் ஒருமுறை செய்த சோதனை மறுமுறை வேண்டுவதில்லை. அடுத்து, இனவிருத்திக்கென வெளியிலிருந்து வரவழைக்கப்படும் கிடாவையும் உறைவிந்தையும் குறித்த கேள்வி. ஸ்க்ரேப்பி உள்ள நாட்டின் மந்தையிலிருந்து வந்ததாயின், மரபெழுத்து நல்லதாயிருப்பது கொண்டு மட்டும் அதனை ஏற்றல் கூடாது; மந்தையின் நோய் வரலாறு எழுத்தில் வேண்டும். காக்கும் மாற்றங்கள் எல்லா வகைப் பிரியானுக்கும் எதிராக ஒரே அளவில் நில்லா என்பதையும் மறத்தலாகாது. 1998-இல் நார்வேயில் முதன்முதல் அறியப்பட்ட இயல்பு மாறிய ஸ்க்ரேப்பி வேறு மரபுடைய ஆடுகளைப் பற்றுகின்றது.

களப் பணியாளர் கண்ணுக்குப் படக்கூடிய குறிகளைப் பற்றி ஒரு சொல். வெள்ளாட்டில் தினவு செம்மறியைப் போல் எப்போதும் முதன்மையாய் இராது. ஈராண்டைக் கடந்த ஆடு, தீனி குறையாமலே மெலிந்து, பால் குறைந்து, பின்னங்கால் தள்ளாடி, தொட்டால் நடுங்கி, அசைபோடும் உணவை வாயோரம் ஒழுகவிடுமாயின் கருத்திற் கொள்ள வேண்டும். இவ்வாறான ஆடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் இருப்பது பேனோ, சொறியோ, மூளைப் புழுக்கட்டியோ, லிஸ்டீரியா நோயோ, சினைக்கால நச்சோ ஆகும். அவற்றை முதலில் விலக்குக. நிலப்பகுதியில் இத்தகைய ஆட்டை அணுகுவோர் வெறிநோயை எண்ணிக் கையுறை அணிந்தே அணுகுதல் வேண்டும்.

ஆடு இறந்து ஐயம் நீங்காதாயின், சோதனைக்கு வேண்டுவது மூளையும் தண்டுவடமும் கூடும் இடத்து மூளைத் தண்டு. அதில் ஒரு பகுதியை ஃபார்மலினிலும், மற்றொரு பகுதியை ஃபார்மலின் படாமல் குளிர்பதனத்திலும் வைத்து, துறை மேலதிகாரிகளின் வழியாக, அயல்நாட்டு நோய்களைக் கண்டறியும் பொறுப்புடைய போபால் உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் தேசிய நிறுவனத்திற்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் இட்ட துண்டு பிரியானைப் பொறுத்தவரை கேடு நீங்கியதன்று. கத்தியும் தட்டும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மணி நேரம் ஊறிய பின்னரே கழுவப்படுதல் வேண்டும். உடலை நாய்க்கும் காகத்திற்கும் விடாது எரித்தல் நன்று. ஈற்று நடந்த இடத்தின் நஞ்சுக்கொடியையும் வைக்கோலையும், ஐயத்திற்கு இடமில்லாத மந்தையிலுங்கூட, அன்றன்றே அகற்றி எரித்துவிடுதல் செலவில்லாத காப்பு. புரூசெல்லா முதலிய பிற நோய்களையும் அது உடன் தடுக்கும்.